இரும்பில்லாத அறை

வேறு இரும்பு ஏதாவது இருக்கா அக்கா என்று ஸ்கேன் அறைப் பெண் கேட்டாள், இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே வலது கை விரல்கள் தாமாக இறுகிக்கொண்டன. உள்ளங்கைக்குள் லாட ஆணி என் சூட்டை வாங்கி வெதுவெதுப்பாக இருக்கிறது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, ஏதோ ஒரு மாட்டின் குளம்பில் எத்தனையோ ரோடு நடந்து தலை சப்பையாகிப்போன ஆணி. மற்றதையெல்லாம் ஒழுங்காகக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். தோடு, மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி, கொக்கி வைத்த உள்பாடி வரைக்கும் போயாயிற்று. தாலியைக் கழற்றி என் வீட்டுக்காரரின் கைக்குட்டையில் வைத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கியோடு, பிளாஸ்டிக் பெஞ்சில், ஏசி குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கனத்த கதவு. அதற்குப் பின்னால் முதுகுவலிக்காரப் பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார், இயந்திரம் அவரைப் போட்டு டக் டக் டக் என்று இடிக்கிறது, நின்றுவிட்டு வேறு தாளத்தில் மறுபடி இடிக்கிறது. அவர் வெளியே வந்ததும் நான் உள்ளே போக வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காந்தவியல் நடத்துகிறவள் நான். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது கரும்பலகையில் நான் படம் போடுகிற சாதுவான சட்டக் காந்தம் இல்லை என்பதும், அதன் வாய்க்கு முன்னால் கொண்டுபோனால் ஒரு லாட ஆணி தோட்டாவாகப் பாயும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையை மூடி வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் யாராவது இப்போது என்னைப் பார்த்தால் பரீட்சைத் தாளை என் முகத்திலேயே கிழித்துப் போடுவார்கள், போடவும் வேண்டும்.

தலைவலி என்றால் இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. பின்னந்தலையிலிருந்து கிளம்பி இடது கண்ணுக்குள் வந்து குத்தவைத்து உட்கார்ந்துகொள்கிற வலி. குனிந்தால் கூடுகிறது, படுத்தால் இன்னும் கூடுகிறது. பிள்ளை பிறந்த மறுவாரம் ஆரம்பித்தது, முதலில் தூக்கமில்லாததால் என்று நினைத்தேன், பிள்ளை பெற்ற யாருக்குத் தூக்கம் இருக்கிறது. பிறகு இடது கண்ணோரத்தில் அது வர ஆரம்பித்தது. அது என்று சொல்கிறேன், அவள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓர் ஆள் நிற்கிற மாதிரி, சேலை கட்டிய ஆள். நேரே திரும்பிப் பார்த்தால் பீரோ இருக்கும், கொடியில் காயும் துண்டு இருக்கும். முன்னால் திரும்பிக்கொண்டால் மறுபடி கண்ணோரத்தில் வந்து நிற்கும். டாக்டரிடம் இதைச் சொன்னேன், ஆள் என்று சொல்லாமல் நிழல் என்று சொன்னேன். அவர் டார்ச் அடித்துக் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டார். தலைக்குள் ரத்தம் இறங்குகிற குழாயில் ரத்தம் உறைந்து கட்டி விழுந்திருக்கலாம், பிள்ளை பெற்றவர்களுக்குச் சில சமயம் வரும், ஸ்கேன் பார்த்தால்தான் சரியான மருந்து போட முடியும், இன்றைக்கே பாருங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்றார். பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கிறது, அங்கியில் ஈரம் படர்கிறது. வீட்டில் பிள்ளை இப்போது எழுந்திருப்பான், வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு சத்தம் வராமல் முதல் அழுகையை அழுவான், சத்தம் இரண்டாவதில்தான் வரும். அந்த முதல் அழுகை எனக்கு மட்டும்தான் தெரியும். நான் இல்லாவிட்டால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆணியைக் கொடுத்தது அம்மா. அப்பா போனபிறகு கோவில்பட்டி வீட்டில் அவள் ஒற்றையாள், பிள்ளைப்பேற்றுக்கு நான் அங்கே போவதற்குப் பதில் அவளே இங்கே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டாள். வரும்போது பை நிறைய உளுந்தங்களி மாவும் பூண்டும் கொண்டுவந்தாள், அதுகூடவே ஒரு போருக்கு வேண்டிய ஆயுதங்களையும் கொண்டுவந்தாள். நிலைப்படியில் வேப்பிலை செருகினாள். வாசலுக்குள் பழஞ்செருப்பு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். வெளக்குமாறு கதவிடுக்கில் தலைகீழாக நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டுக்கால் குழம்பு கொடுத்துவிட்டால் தூக்குச்சட்டியில் ஒரு கரித்துண்டு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பாள், கரி இல்லாமல் வந்த கறிக்குப் பின்னாலேயே எதுவும் வந்துவிடும் என்பாள். தொட்டிலுக்கு அடியில் பாக்குவெட்டி. என் தலையணைக்கு அடியில் இந்த லாட ஆணி. என் தலைமாட்டில் அரிவாள்மனை, அதைத் தெரியாமல் மிதித்து எனக்குக் காலில் கீறல் விழுந்ததுதான் மிச்சம், பேய் செய்யாததை அம்மா செய்தாள் என்று சிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் கணக்கு இருந்தது. வேப்பிலைக்கு அது மரியாதை கொடுக்கும், செருப்புக்குக் கூச்சப்படும், உப்பு மிளகாய் நெடிக்கு ஒதுங்கும், ஆனால் பயப்படுவது இரும்புக்கு மட்டும்தான். ஏன் என்று கேட்டேன். நெருப்பில் செத்துப் பிழைத்தது இரும்பு, செத்ததற்கு அதைக் கண்டால் தெரியும் என்றாள். அம்மா எட்டாம் வகுப்பு. எனக்கு மறுக்கத் தெரியவில்லை, சிரிக்கத்தான் தெரிந்தது. இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, மத்தியானம் ஸ்கேன் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. உச்சிப்பொழுதுதான் அதுகள் நடமாடுகிற நேரம். ஏட்டி, பச்ச உடம்போட உச்சி நேரத்துல போற, இத வச்சுக்கோ, எவ கேட்டாலும் விடாத என்று கொண்டைக்குள் அந்த ஆணியைச் செருகினாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டார். வாய் அதிகம் இல்லாத மனுஷி, தலைவலி என்று இன்று விடிகாலையில் நான் வாய்விட்டுச் சொன்னபோது மட்டும் மாவு பிசைந்த கையோடு எழுந்துவந்து மகனிடம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, இப்பவே போ என்று சத்தம் போட்டவர். ஆணியைப் பார்த்ததும் அம்மாவிடம், அந்த எளவெடுத்த இரும்பெல்லாம் வேண்டாம் மதினி என்றார். செத்துப்போன மூத்த மருமகளைப் பேய் என்று சொல்கிறோமே என்ற கோபம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கோபப்படட்டும். கொண்டையில் ஆணி இருந்தது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அவரும் என்னோடு உள்ளே வரலாமா என்று முதலில் கேட்டேன். கூட வருகிறவர்கள் ஓரமாக உட்காரலாம் என்று அந்தப் பெண் சொன்னாள், பெயர் பெல்சியா என்று சட்டையில் குத்தியிருந்தது, சின்ன வயசு, எல்லோரையும் அக்கா அண்ணன் என்கிறாள். பிறகு அவரைப் பார்த்து என்ன வேலை செய்கிறீர்கள் அண்ணாச்சி என்று கேட்டாள். அவர் வெல்டிங் பட்டறை என்றதும் தலையை ஆட்டிவிட்டாள். கிரில்லும் கேட்டும் உரசி உரசிக் கண்ணுக்குள் இரும்புத்தூள் ஏறியிருக்கும், இருப்பதே தெரியாது, காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் அது அசைந்து கண்ணைக் கெடுத்துவிடும், அண்ணாச்சி அந்தக் கதவைத் தாண்டவே கூடாது. அவர் ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஆவுடையப்பன் கிரில் ஒர்க்ஸ், நாள் முழுக்க இரும்போடு பிழைக்கிற மனுஷர். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் சோற்று வாசனைக்கு மேலே இரும்பு வாசனை வரும். கல்யாணமான புதிதில், நம்ம வீட்டுக்கெல்லாம் பேய் வருமா, நீங்கள் வந்தாலே ஓடிவிடும் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், இரும்பு பேயை விரட்டுமென்றால் இரும்புக்காரன் வீட்டில் அவருடைய மூத்த பெண்டாட்டி பிரமு ஏன் செத்தாள். அவர் உள்ளே வர முடியாது என்று ஆனதும்தான் உடை மாற்றுகிற மறைப்புக்குள் போய் கொண்டையை அவிழ்த்தேன். ஆணி கையில் விழுந்தது. பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, இப்போது வரைக்கும் போக மாட்டேன் என்கிறது. ஊரில் எங்கே போனாலும் இரும்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி, கட்டில் கால், பஸ், கிணற்று உருளை, வகுப்பறை பெஞ்சின் போல்ட்டு. எந்தச் சுவரிலும் காலண்டர் மாட்ட ஓர் ஆணியாவது இருக்கும். அம்மா சொல்வது உண்மையென்றால் நாம் நாள் முழுக்க நமக்கே தெரியாமல் காவலுக்குள்தான் நடமாடுகிறோம். இந்தத் திருநெல்வேலிச் சீமையிலேயே துளி இரும்பு இல்லாத ஓர் அறை உண்டென்றால் அது இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறதோ, மனுஷர்கள் ஒருத்தரும் கொண்டுபோகக் கூடாது. அங்கேதான் என்னைத் தனியாக, மெட்டியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டு, உச்சிப்பொழுதில் படுக்கப் போடப் போகிறார்கள். அவளுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்.

பிரமநாயகி. எல்லோருக்கும் பிரமு. கூடத்தில் மாலை போட்ட படத்தில் மாம்பழ மஞ்சள் சேலையோடு, சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாத வாயோடு இருக்கிறாள். பிரசவத்தில் போய்விட்டாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார்கள், பிள்ளையும் தங்கவில்லை என்றார்கள், அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, நான் எதற்குக் கேட்க வேண்டும், செத்துப்போன ஒருத்தியோடு போட்டி போட்டால் ஜெயிக்கவே முடியாது. கல்யாணத்தன்று மாமியார் என் தாலிக்கொடியில் மூத்தவளுக்கென்று ஒரு பொன்மணியைக் கோத்தார், இரண்டாவதாக வருகிறவள் அதைப் போட்டுக்கொண்டால் மூத்தவள் மனம் குளிர்ந்து காவலாக இருப்பாளாம். அக்கான்னு நெனச்சுக் கும்பிட்டுக்கோ என்றார். கும்பிட்டேன். அக்கா என்று மட்டும் வாய் சொல்லவில்லை. கீரைக்காரியை அக்கா என்கிறேன், இந்த பெல்சியா பார்த்த நிமிஷமே என்னை அக்கா என்கிறாள், அந்தச் சொல்லுக்கு அப்படி ஒன்றும் விலை இல்லை, அவளுக்கு மட்டும் அது வரவில்லை. எனக்குப் பொறாமை. அது பொறாமை என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் கண் ஒரு தடவை அந்தப் படத்துக்குப் போய்வரும். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பொறாமை பயமாகத் திரும்பிவிட்டது. தன் பிள்ளை தங்காதவள் என் பிள்ளையைத் தொட்டிலில் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா. கண்ணோரத்தில் நிற்கிற ஆளின் சேலை என்ன நிறம் என்று அம்மா கேட்டாள். யோசிக்காமல் மஞ்சள் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே மஞ்சளாகத் தெரிந்ததா, இல்லை சொன்னதால் மஞ்சளானதா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் வீம்புக்கு ஆணியைத் தூக்கி அலமாரியில் வைத்தேன். அன்று மத்தியானம் அவள் வந்தாள், இடது பக்கம், தொட்டிலுக்கு மிக அருகில், வலியில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆணியை எடுத்துக் கையில் வைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விலகினாள். ஒரு தடவை நடந்தால் அது சோதனையே இல்லை, திரும்பச் செய்து பார்க்க வேண்டும், அப்போதும் அதே முடிவு வர வேண்டும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். திரும்பச் செய்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சத்தம் நின்றுவிட்டது. இல்லை, மறுபடி ஆரம்பிக்கிறது, இந்தத் தடவை ரம்பம் போடுகிற மாதிரி. ஆணியைக் கொடுத்துவிடு செண்பகம். பெல்சியாவைக் கூப்பிட்டு மறந்துவிட்டேன் என்று சொல், சிரிப்பாள், தீர்ந்தது. கொடுத்தால் வெறுங்கையோடு உள்ளே போக வேண்டும், இடது பக்கம் அவள் வருவாள், இந்தத் தடவை விலக்க ஒன்றும் இருக்காது. கொடுக்காமல் போனால் காந்தம் கையைப் பிய்த்துக்கொண்டு இழுக்கும், என் கண்ணிலோ பெல்சியாவின் கண்ணிலோ ஏறும். போகவே வேண்டாம் என்று எழுந்து வீட்டுக்குப் போனால் தலைக்குள் இருக்கிற கட்டி இருக்கிற இடத்திலேயே வளரும். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரு தொட்டிலும் சத்தம் வராத ஓர் அழுகையும்தான் இருக்கிறது. அவனை அம்மா இல்லாத பிள்ளையாக விடக்கூடாது, அது ஒன்றுதான், வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அப்படியானால் எதை நம்ப வேண்டும், படித்ததையா, பார்த்ததையா. பேய் பிடித்தவளின் உச்சி முடியை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணியடிப்பார்கள், பேய் அந்த மரத்தோடு நின்றுவிடும் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அப்படி ஒரு மரம், கைக்கெட்டும் உயரமெல்லாம் ஆணி. ஓர் ஆணியில் முடி இன்னும் சுற்றிக்கொண்டு இருந்தது. காற்றில் ஆடியது. யாருடைய முடி, அந்தப் பெண் பிழைத்தாளா என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, பேய் என்ன ஆயிற்று என்றுதான் பேசினார்கள். இன்று காலையில் அம்மா என் கொண்டைக்குள் ஆணியைச் செருகியபோது முடி அதில் சிக்கிக்கொண்டு இழுத்தது, வலிக்கி என்றேன், பொறு என்றாள். வலிக்கி என்கிற எல்லோருக்கும் பொறு என்றுதான் சொல்கிறோம். அவர் பெஞ்சின் மறுமுனையில் கைக்குட்டை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூடிய கையை அங்கிக்குள் மறைத்துக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கிறார், பட்டறையில் ஒரு கதவைப் பார்க்கிற மாதிரி, கீல் எங்கே, பூட்டு எங்கே என்று.

பெரியவரைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோனார்கள். வாங்கக்கா என்று பெல்சியா கதவைத் திறந்து பிடித்தாள். எழுந்தேன், தரை குளிர்ந்து கிடந்தது, வெறுங்காலோடு நடந்தேன். உள்ளே வெள்ளை அறை, நடுவில் வெள்ளை வளையம், அதன் வாயிலிருந்து நாக்கு நீட்டிய மாதிரி ஒரு படுக்கை. சுவரில் காலண்டர் இல்லை, ஆணி இல்லை, நான் நினைத்ததுபோலவே ஒன்றும் இல்லை. கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே வர, கால் போய்க்கொண்டே இருந்தது. அப்போது கைக்குள் ஆணி அசைந்தது. முதலில் என் நடுக்கம் என்று நினைத்தேன். இன்னும் ஓர் அடி வைத்தேன், மூடிய விரல்களுக்குள் அது படுத்திருந்தவள் எழுந்து உட்காருவதுபோலத் தலையைத் தூக்கியது, அதன் முனை சுண்டுவிரலின் இடுக்கைத் தேடியது, வெளியே போகப் பார்த்தது. காந்தப்புலம், செண்பகம், காந்தப்புலம், தூரம் குறையக் குறைய விசை ஏறும், நீ நடத்துகிற பாடம். அதே நேரத்தில் இடது கண்ணோரத்தில் மஞ்சளாக அவள் வந்து நின்றாள், வளையத்துக்குப் பக்கத்தில், எனக்காகக் காத்திருந்தவள் மாதிரி. அவள்தான் என் விரலைப் பிரிக்கிறாள் என்று உடம்பு முழுக்க நம்பிவிட்டது. இரண்டு கையாலும் ஆணியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து கதவுக்கு வெளியே வந்து சுவரில் மோதி நின்றேன். அக்கா கையில என்ன, என்ன வச்சிருக்கீங்க என்று பெல்சியா கேட்டாள், முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிவந்து கதவை இழுத்துச் சாத்தினாள். என் கை திறக்கவில்லை, திறக்கச் சொன்னாலும் திறக்காது போல் இருந்தது. அவர் எழுந்து வந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் மூடிய கையைத் தன் காய்ப்பேறிய கைக்குள் வாங்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பிரமுவும் இப்படித்தான் இறுக்கிப் பிடிச்சிருந்தா" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பிள்ளை போன துக்கத்தில் கிடக்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்களாம். தலை வலிக்கி, தலை வலிக்கி என்றே கிடந்தாளாம். பச்சை உடம்பில் காத்துக்கருப்பு அண்டிவிட்டது என்று சொல்லி, இவரே பட்டறையில் ஓர் இரும்புத்துண்டைப் பதமாக அறுத்து, முனையை அரத்தால் ராவி, அவள் கையில் கொடுத்தாராம். மாமியார் வேப்பிலை அடித்தாராம். ஆஸ்பத்திரி யாருக்கும் தோன்றவில்லையாம். தோன்றியபோது அவளுக்குப் பேச்சு போய்விட்டதாம். இதையெல்லாம் என் கையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பெல்சியா கதவில் சாய்ந்து நின்றாள், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவளைக் கிடத்திய பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி அந்த இரும்பை எடுத்தது தான்தான் என்றார். மாமியார் ஏன் மாவு பிசைந்த கையோடு எழுந்து வந்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. எளவெடுத்த இரும்பு என்று அவர் சொன்னது வசவு இல்லை.

"கண்ணோரம் யாரோ நிக்காங்கன்னு சொன்னாளா" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். ஆமா என்று தலையாட்டினார்.

"யாருன்னு கேட்டேன். தெரியல, ஒரு பொம்பளன்னா. அவளுக்கு முன்னால நம்ம வீட்டுல எந்தப் பொம்பளையும் சாகல செம்பகம்."

ஒரு தடவை நடந்தால் அது சோதனை இல்லை. இது இரண்டாவது தடவை. அதே வலி, அதே பச்சை உடம்பு, அதே கண்ணோரம், அதே இரும்பு. முதல் தடவை செய்து பார்த்தவள் அவள், நான் செய்யப் பயந்ததை எனக்கு முன்னாலேயே உயிரைக் கொடுத்துச் செய்து முடித்துவிட்டாள், முடிவையும் இந்த மனுஷர் கையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தலைவலி என்றதும் மாமியாரைச் சத்தம் போடவைத்தது அவள். டாக்டர் நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்பதற்கு முன்னாலேயே இவரை ஆட்டோ கூப்பிட வைத்ததும் அவள்தான். எனக்கு அழுகை வந்தது, யாருக்காக என்று பிரிக்க முடியாத அழுகை. கை தானாகத் திறந்தது. உள்ளங்கையில் ஆணி பதிந்து சிவந்திருந்தது. அவர் அதை எடுத்துக் கைக்குட்டையில் தாலிக்கும் அந்தப் பொன்மணிக்கும் பக்கத்தில் வைத்து முடிந்துகொண்டார். பெல்சியா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்கு முன் இரண்டு கையையும் விரிக்கச் சொன்னாள், தலைமுடியை உதறிக் காட்டச் சொன்னாள், வாயைக்கூடத் திறக்கச் சொன்னாள். இனிமேல் என்னை நம்ப அவளுக்கு என்ன தலையெழுத்து. படுக்கவைத்து, காதை அடைத்து, தலைக்குக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினாள். ஆணி இருந்த கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள், பயமா இருந்தா அமுக்குங்கக்கா என்றாள். கதவு சாத்துகிற இடைவெளியில் அவரைப் பார்த்தேன், முடிச்சை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தாண்டக் கூடாத கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றார். படுக்கை நகர்ந்தது. கூரை முகத்துக்கு மேலே வந்து நின்றது, மூச்சு விட்டால் திரும்பி என்மேலேயே படுகிறது. இடி ஆரம்பித்தது, தலை முழுக்க அதிர்ந்தது, பால் கசிந்து விலாவில் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணிலும் இடது ஓரத்தில் மஞ்சள் வந்தது. கண்ணை மூடினாலும் வருகிறது என்றால் அது வெளியே இல்லை, என் தலைக்குள்தான் இருக்கிறது, அதைத்தான் இந்த இயந்திரம் இப்போது தேடிக்கொண்டிருக்கிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் பயம் போகவில்லை, பந்தை அமுக்க விரல் மடங்கியது. அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள், படம் பாதியில் நின்றுவிடும். விரலை நிமிர்த்தினேன். கண்ணிலும் கையிலும் இரும்போடு அவர் வெளியே நிற்கிறார், அவரால் இந்த வாசலைத் தாண்ட முடியாது. இரும்பில்லாதவர்களைத்தான் இங்கே விடுவார்கள். இந்த இடத்துக்கு வராமலே போனவள் அவள். அக்கா, வந்தது வந்துவிட்டாய், இப்படி என் பக்கத்தில் படு, உனக்கும் சேர்த்துப் பார்த்துவிடட்டும் என்று சொன்னேன். உதட்டை அசைக்காமல்தான் சொன்னேன், ஆடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் இடது பக்கம் இடம் விட்ட மாதிரி மனசை ஒதுக்கிக்கொண்டேன். இயந்திரம் இடித்தது. நாங்கள் அசையவில்லை.